சாகாத இதயம்

இதயத்தைப் பற்றி எழுதுவது எங்களைப் போன்ற கதாசிரியர்களுக்குப் பழகிப்போன தொழில். அதை உடைப்போம், உருக்குவோம், திருடிக்கொண்டு போவோம், ஒருத்தியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்போம். இத்தனை அட்டூழியங்களையும் பொறுத்துக்கொண்டு அது அடுத்த அத்தியாயத்தில் மறுபடியும் துடிக்க ஆரம்பித்துவிடும். கதைகளில் இதயத்துக்குச் சாவே கிடையாது.

விஞ்ஞானிகள் அப்படிப்பட்டவர்கள் அல்லர், கண்ணால் கண்டதைத் தவிர வேறொன்றும் சொல்லமாட்டார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் சாகாத இதயம் ஒன்றைப் பற்றிய கதையை உலகத்துக்குச் சொன்னவர் நாவலாசிரியர் அல்லர். நோபல் பரிசு பெற்ற ஒரு டாக்டர். அந்தக் கதையை உலகம் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுக் காலம் நம்பிற்று. இன்று ஆராய்ச்சிசாலைகளில் மனித இதயத் தசையை வளர்க்கிறார்கள் என்று பத்திரிகைகளில் படிக்கிறோம் அல்லவா? அந்தச் செய்தியை எடை போட்டுப் பார்க்க வேண்டுமானால், இந்தப் பழைய கதையையும் தெரிந்துகொள்வது நல்லது.

1894-ஆம் வருஷம் ஜூன் மாதம் 24-ஆம் தேதி. பிரான்ஸ் தேசத்தின் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ, லியோன் நகரத்துக்கு வந்திருந்தார். விருந்து முடிந்து வண்டியில் ஏறிப் போகும்போது, காஸேரியோ என்ற இத்தாலிய வாலிபன் பாய்ந்து வந்து அவர் வயிற்றில் கத்தியைச் செருகிவிட்டான். கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய நாளம் அறுபட்டது. ஊரில் இருந்த பெரிய டாக்டர்கள் எல்லாரும் கூடினார்கள். ஆனால் அறுந்த இரத்தக் குழாயைத் தைத்து இணைக்கும் வித்தை அன்று யாருக்கும் கைவந்திருக்கவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு தலைவரின் உயிர் பிரிந்தது.

அதே நகரத்தில் அலெக்ஸிஸ் காரெல் என்று ஒரு மருத்துவ மாணவர் இருந்தார். வயது இருபத்தொன்று ஆகப்போகிறது. கந்தல் துணியைக்கூட ஒட்டுத் தெரியாமல் தைக்க முடிகிறபோது, இரத்தக் குழாயைத் தைக்க முடியாமல் ஒரு மனிதரைச் சாகவிடுவதா என்று அவருக்கு ஆத்திரம் வந்தது. லியோன், பட்டுக்குப் பெயர்போன ஊர். அங்கே பூவேலை செய்யும் ஓர் அம்மாளிடம் போய், மெல்லிய ஊசியையும் நூலையும் கையாளும் நுட்பத்தைக் கற்றுக்கொண்டார். 1902-இல் இரத்தக் குழாய்களை இணைக்கும் முறையை எழுதி வெளியிட்டார். பிறகு அமெரிக்காவுக்குப் போய், 1906-இல் நியூயார்க்கிலுள்ள ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். 1912-இல் அந்தத் தையல் வேலைக்காகவே நோபல் பரிசு கிடைத்தது. இன்று உலகத்தில் எங்கே சிறுநீரகத்தை மாற்றி வைத்தாலும், இதயத்தை மாற்றி வைத்தாலும், அந்தத் தையலில் காரெலின் கைவண்ணம் இருக்கிறது. அந்தப் புகழ் அவருக்கு நியாயமாகக் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; ஏனென்றால் இனி வரப்போவது வேறு விதமான புகழ்.

அந்த 1912-ஆம் வருஷம் ஜனவரி 17-ஆம் தேதி காரெல் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். உடம்பிலிருந்து பிரித்தெடுத்த உயிரணுக்களை வெளியே வைத்து வளர்க்கலாம் என்பதை, ராஸ் ஹாரிஸன் என்ற அமெரிக்கர் 1907-இல் தவளைக் கருவின் நரம்பை வைத்துக் காட்டியிருந்தார். காரெல் அதைவிடப் பெரிய ஆசை கொண்டவர். முட்டைக்குள் இருந்த கோழிக் குஞ்சின் இதயத்திலிருந்து கடுகளவு துண்டு ஒன்றை வெட்டி எடுத்தார். அதைக் கண்ணாடிப் பாத்திரத்தில் இரத்த நீரில் இட்டு, உடம்புச் சூட்டில் வைத்தார். துண்டு துடித்தது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. இதயத் தசையின் உயிரணு மூளையின் உத்தரவுக்காகக் காத்திருப்பதில்லை. தானாகவே சுருங்கும், தானாகவே விரியும். தனித்தனியாகத் துடித்துக்கொண்டிருக்கும் இரண்டு உயிரணுக்களைப் பக்கத்தில் பக்கத்தில் விட்டால், ஒன்றையொன்று தொட்டுக்கொண்ட சிறிது நேரத்தில் இரண்டும் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். இதை மட்டும் எழுதினாலே ஒரு நல்ல கதை ஆகிவிடும். ஆனால் காரெலுக்கு அது போதவில்லை. அந்த வருஷமே அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பு, உடம்புக்கு வெளியே திசுக்களின் நிரந்தர வாழ்வைப் பற்றியது. தொடங்கிச் சில மாதங்களே ஆன பரிசோதனைக்கு ‘நிரந்தரம்’ என்ற சொல்!

அதன் பிறகு அந்தத் துண்டு ஒரு சினிமா நட்சத்திரம்போல் ஆகிவிட்டது. எபெலிங் என்ற உதவியாளர் அதைப் பல வருஷங்கள் கண்ணுங் கருத்துமாகப் பராமரித்தார். கோழிக் கருக்களை அரைத்து எடுத்த சாற்றைத்தான் அதற்கு உணவாக ஊற்றினார்கள். காரெலின் ஆராய்ச்சிசாலையில் எல்லாரும் கறுப்பு அங்கியும் கறுப்பு முக்காடும் அணிந்துகொண்டு வேலை செய்தார்கள். பார்ப்பதற்கு மந்திரவாதிகளின் மடம்போல் இருக்கும். ஜனவரி மாதம் பிறந்தால் பத்திரிகைகள் ‘கோழி இதயத்துக்குப் பிறந்த நாள்’ என்று எழுதும். வளர்ந்த உயிரணுக்கள் எல்லாவற்றையும் வீசாமல் வைத்திருந்தால், அது பூமியைவிட, ஏன், சூரியனைவிடப் பெரிதாகியிருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். 1937-இல் அமெரிக்க வானொலியில், கோழி இதயம் ஒன்று வளர்ந்து வளர்ந்து உலகத்தையே விழுங்கிவிடுவதாக ஒரு நாடகம்கூட வந்தது. எங்கள் ஜாதிக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

காரெல் 1944-இல் பாரிஸில் இறந்தார். ஜெர்மானியர் பிரான்ஸைப் பிடித்திருந்த காலத்தில், அவர்களுக்கு அனுசரணையாக இருந்த அரசாங்கத்தின் ஆதரவில் அவர் ஒரு நிலையம் நடத்தியதால், கடைசி நாட்களில் அவர் பெயருக்குக் களங்கம் ஏற்பட்டிருந்தது. ‘இதயம்’ அவருக்குப் பிறகும் இரண்டு வருஷம் இருந்தது. 1946-இல் இனிமேல் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். ஆக, அது செத்துப்போனதல்ல. மனிதர்கள் கைவிட்டதனால்தான் முடிந்தது என்று உலகம் நினைத்தது. உயிரணுக்களுக்குச் சாவு கிடையாது, உடம்புக்குத்தான் சாவு என்பது பாடப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

இதில் மிகவும் வருத்தமான பகுதி ஒன்று உண்டு. எத்தனையோ ஆராய்ச்சிசாலைகளில் எத்தனையோ பேர் காரெல் செய்ததைத் தாங்களும் செய்து பார்த்தார்கள். அவர்களுடைய உயிரணுக்கள் சில மாதங்களில் பெருகுவதை நிறுத்திவிட்டன. அவர்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? காரெல் தவறு செய்திருக்கலாம் என்று நினைக்கவில்லை. தங்கள் கை சரியில்லை என்று நினைத்தார்கள். பாத்திரம் சுத்தமில்லை, உணவு சரியில்லை, பக்குவம் போதவில்லை என்று தங்களையே நொந்துகொண்டார்கள். பெரிய மனிதரின் சொல்லுக்கு முன்னால் தம் கண் கண்டதைச் சொல்ல நா எழவில்லை.

அந்த நா 1961-இல் பிலடெல்பியா நகரத்தில் எழுந்தது. லியோனார்டு ஹேப்ளிக் என்ற இளம் விஞ்ஞானி, மனிதக் கருவின் உயிரணுக்களை வளர்த்துக்கொண்டிருந்தார். ஏறக்குறைய ஐம்பது தடவை இரட்டிப்பானதும் அவை நின்றுவிட்டன. மறுபடி வளர்த்தார்; மறுபடியும் அதே இடத்தில் நின்றன. அவரும் அவருடைய கூட்டாளி பால் மூர்ஹெட்டும் ஒரு யுக்தி செய்தார்கள். நாற்பது தடவை பெருகி முதிர்ந்துவிட்ட ஆண் உயிரணுக்களையும், பத்துத் தடவையே பெருகிய இளம் பெண் உயிரணுக்களையும் ஒரே பாத்திரத்தில் கலந்துவிட்டார்கள். உணவு ஒன்றே, பாத்திரம் ஒன்றே, கை ஒன்றே. சில காலம் கழித்துப் பார்த்தபோது, பாத்திரத்தில் இருந்தவை அத்தனையும் பெண் உயிரணுக்கள்! ஆகவே குற்றம் உணவிலும் இல்லை, கையிலும் இல்லை. ஒவ்வோர் உயிரணுவும் தன் ஆயுள் கணக்கைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது.

இதைக் கட்டுரையாக எழுதி, 1912-இல் காரெலின் கட்டுரையை வெளியிட்ட அதே சஞ்சிகைக்குத்தான் ஹேப்ளிக் முதலில் அனுப்பினார். நிராகரித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறொரு சஞ்சிகை அதை 1961 கடைசியில் வெளியிட்டது. பிற்பாடு அந்த ஆயுள் எல்லைக்கு ஹேப்ளிக்கின் பெயரையே வைத்தார்கள்.

அப்படியானால் காரெலின் கோழி இதயம் முப்பத்துநான்கு வருஷம் வாழ்ந்தது எப்படி? விடை, அதற்கு ஊற்றிய கோழிக் கருச் சாற்றில் இருக்கிறது என்றார் ஹேப்ளிக். அந்தச் சாற்றோடு புதிய உயிரணுக்களும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். உணவு என்று நினைத்துப் புதிய விதையையே போட்டுக்கொண்டிருந்தார்கள். அது அஜாக்கிரதையால் நேர்ந்ததா, தெரிந்தே யாராவது செய்ததா என்பதில் சரித்திர ஆசிரியர்கள் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள்.

இன்னொரு சங்கதியையும் கவனியுங்கள். காரெலின் துண்டு சில மாதங்கள் மட்டுமே துடித்தது. அதற்கப்புறம் பல வருஷங்கள் பெருகிக்கொண்டிருந்தவை இதயத் தசையின் உயிரணுக்களே அல்ல. தசைகளுக்கிடையே இட்டு நிரப்பும் இணைப்புத் திசுவின் உயிரணுக்கள். இதயத்தில் காயம் பட்டால் ஓடி வந்து தழும்பு போடுவது இந்த ஜாதிதான். உலகம் சாகாத இதயம் என்று கொண்டாடியது, துடிக்கத் தெரியாத தழும்பின் சொந்தக்காரர்களை!

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மனித இதயத்தின் சங்கடமே இந்தத் தழும்புதான். சில வருஷங்களுக்கு முன் மாரடைப்பு வந்து பிழைத்த ஒரு நண்பரைப் பார்க்கப் போயிருந்தேன். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். “கையிலே வெட்டுப்பட்டால் ஆறிவிடுகிறது, எலும்பு முறிந்தால் கூடிவிடுகிறது. இது மட்டும் ஏன் ஸார் ஆறமாட்டேன் என்கிறது?” என்று மார்பைத் தொட்டுக்கொண்டு கேட்டார்.

கணக்கு வாத்தியாருக்குக் கணக்காகவே பதில் இருக்கிறது. பெரிய மாரடைப்பு ஒன்றில் நூறு கோடி வரை இதயத் தசை உயிரணுக்கள் மடிந்துபோகக்கூடும். அந்த இடத்தில் தழும்புதான் வரும். புதிய தசை உயிரணுக்கள் உண்டாகின்றனவா என்பதை ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானிகள் வெகு விசித்திரமான முறையில் கண்டுபிடித்தார்கள். 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானவெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்ததனால், காற்றில் ஒரு வகைக் கதிரியக்கக் கரி அதிகமாயிற்று. 1963-இல் அப்படி வெடிப்பதைத் தடுக்கும் உடன்படிக்கை வந்த பிறகு அது சிறிது சிறிதாகக் குறைந்தது. அந்தக் கரி பயிரில் ஏறி, சோற்றில் ஏறி, நம் உடம்பிலும் ஏறியது. உயிரணு பிறந்த ஆண்டில் காற்றில் எவ்வளவு இருந்ததோ, அவ்வளவு அதன் உள்ளே பதிந்துவிடும். பிறந்த தேதி முத்திரை குத்திய மாதிரி! இந்த முத்திரையைப் படித்து 2009-இல் அவர்கள் சொன்ன விடை: இருபத்தைந்து வயதில் ஆண்டுக்கு நூற்றில் ஒரு பங்கு இதயத் தசை உயிரணுக்கள் புதிதாகின்றன; எழுபத்தைந்து வயதில் அதில் பாதிகூட இல்லை. பிறந்தபோது இருந்த உயிரணுக்களில் பாதிக்கு மேல் கடைசி மூச்சு வரை நம்மோடு வருகின்றன. அணுகுண்டு மனித குலத்துக்குச் செய்த நன்மை என்று ஏதாவது இருந்தால், இந்த ஒரு கணக்கைத்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே புதிய தசையை வெளியே வளர்த்துத்தான் கொண்டுவர வேண்டும். அதற்கு விதை எங்கே? வாழையின் குருத்தைப் பாருங்கள். அதற்குள் இலையும் இருக்கிறது; பூவும் இருக்கிறது; தாரும் இருக்கிறது. எதுவாக வேண்டுமானாலும் ஆகக்கூடிய அப்படிப்பட்ட உயிரணுக்கள் கருவில் உண்டு. ஸ்டெம் செல் என்று சொல்லும் இவற்றைத் தமிழில் குருத்தணு என்கிறார்கள். பொருத்தமான பெயர். மனிதக் கருவின் குருத்தணுக்களை 1998-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் தாம்ஸன் பிரித்து வளர்த்தார். 2001-இல் இஸ்ரேல் விஞ்ஞானிகள் அவற்றிலிருந்து துடிக்கும் இதய உயிரணுக்கள் உண்டாவதைக் காட்டினார்கள். ஆனால் கருவை அழித்து மருந்து செய்யலாமா என்ற தர்மசங்கடமான கேள்வி கூடவே எழுந்தது.

அதற்கு வழி கண்டவர் ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷின்யா யமனாகா. இவர் முதலில் எலும்பு மருத்துவத்தில் அறுவை சிகிச்சை பழகியவர். கையில் லாவகம் போதாமல், மற்ற டாக்டர்கள் அவர் பெயரையே ‘இடைஞ்சல்’ என்று பொருள்படும்படி திரித்துக் கேலி செய்வார்களாம். அந்த இடைஞ்சல்காரர்தான் 2006-இல், இருபத்துநான்கு மரபணுக்களைச் சலித்துப் பார்த்து அவற்றில் நான்கைப் பொறுக்கி எடுத்து, அவற்றைச் செலுத்தினால் முதிர்ந்த சாதாரண உயிரணுவும் மறுபடி குருத்தாகிவிடும் என்று எலியில் காட்டினார். அடுத்த வருஷமே மனிதத் தோலின் உயிரணுவிலும் செய்து காட்டினார். 2012-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. காரெல் பரிசு பெற்றுச் சரியாக நூறு வருஷம்! இருவருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. யமனாகா சொன்னதை மற்ற ஆராய்ச்சிசாலைகளும் செய்து பார்த்தார்கள். அவர்கள் கையிலும் குருத்து முளைத்தது.

இதற்கிடையில் பழைய தவறு புதிய வேஷத்தில் வராமல் இல்லை. எலும்பு மஜ்ஜையிலுள்ள குருத்தணுக்களைச் செலுத்தினால் எலியின் சேதமான இதயத்தில் புதிய தசை வளர்கிறது என்று 2001-இல் பியெரோ அன்வெர்ஸா என்பவரின் குழு அறிவித்தது. உலகமே பரபரப்படைந்தது. 2004-இலேயே மற்றவர்கள், தாங்கள் செய்து பார்த்ததில் அப்படி ஒன்றும் வளரவில்லை என்று எழுதினார்கள். ஆனால் நம்பிக்கைக்கு இருக்கும் வேகம் மறுப்புக்கு இருப்பதில்லை. 2018-இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியும் அதைச் சேர்ந்த மருத்துவமனையும் விசாரித்து, அவருடைய ஆராய்ச்சிசாலையிலிருந்து வந்த 31 கட்டுரைகளில் பொய்யாகத் திருத்திய அல்லது புனைந்த விவரங்கள் இருப்பதாகச் சொல்லி, அவற்றைத் திரும்பப் பெறும்படி அறிவித்தார்கள். இந்தப் பதினேழு வருஷத்தில் என் நண்பரைப்போல் எத்தனை பேர் எத்தனை தேசங்களில் அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்துக்கொண்டு காத்திருந்திருப்பார்கள்! காரெலின் கோழி இதயம் விஞ்ஞானிகளின் காலத்தை வீணாக்கிற்று. இது நோயாளிகளின் காலத்தையும் வீணாக்கிற்று. அவர்களிடம் வீணாக்குவதற்குக் காலம் இல்லை.

இனி உண்மையில் நடந்ததற்கு வருகிறேன். 1997-இல் தாமஸ் எஷன்ஹாகன் என்ற ஜெர்மானியரும் அவருடைய கூட்டாளிகளும் மறுபடியும் கோழிக் கருவின் இதயத்துக்கே போனார்கள். இம்முறை நிரந்தர வாழ்வைத் தேடவில்லை. அதன் உயிரணுக்களைப் பிரித்து, தோலுக்கும் தசைநாருக்கும் உறுதி தருகிற கொலாஜென் என்ற புரதத்தின் கூழில் கலந்து, அச்சில் வார்த்தார்கள். கூழ் இறுகி, உயிரணுக்கள் ஒன்றோடொன்று கை கோத்து, முழுத் துண்டும் ஒரே தசையாகத் துடித்தது. வெறுமனே கிடந்தால் அந்தத் தசைக்கு வலு வருவதில்லை. இழுத்து, தளர்த்தி, வேலை வாங்கினால்தான் உயிரணுக்கள் வரிசையாக அமைந்து நல்ல தசை ஆகும் என்பதும் தெரிந்தது. உடம்புக்கு மட்டுமா இந்த நியாயம்? கோழிக்குப் பிறகு எலி, எலிக்குப் பிறகு மனிதனின் குருத்தணு என்று வேலை படிப்படியாக நகர்ந்தது. 2008-இல் மின்னஸோட்டாவில், செத்த எலியின் இதயத்திலிருந்து உயிரணுக்களையெல்லாம் கழுவி எடுத்து, மிஞ்சிய வெள்ளைக் கூட்டில் புதிய உயிரணுக்களைக் குடியேற்றினார்கள். எட்டாம் நாள் அது இரத்தம் இறைத்தது. எவ்வளவு? வளர்ந்த எலியின் இதயம் செய்வதில் நூற்றுக்கு இரண்டு பங்கு. அவர்கள் ‘நிரந்தரம்’ என்று எழுதவில்லை. ‘இரண்டு’ என்றே எழுதினார்கள். அந்த இரண்டைக் கண்டு எனக்கு மிகுந்த மரியாதை உண்டாகிறது.

2014-இல் அமெரிக்காவில் மனிதக் கருவின் குருத்தணுக்களிலிருந்து செய்த இதய உயிரணுக்களைக் குரங்குகளின் சேதமான இதயத்தில் செலுத்தினார்கள். அவை பிழைத்துத் தசையாயின. ஆனால் புதுத் தசை தன் தாளத்திலும் பழைய இதயம் அதன் தாளத்திலும் துடித்து, நாடித் துடிப்பில் கோளாறு உண்டாயிற்று. வெற்றியோடு இந்தக் கோளாற்றையும் அவர்களே எழுதினார்கள். 2020 ஜனவரியில் ஜப்பானில் ஒஸாகா பல்கலைக்கழகத்தார், யமனாகாவின் முறையில் உண்டாக்கிய இதய உயிரணுக்களைக் காகிதம்போல் மெல்லிய ஏடாகச் செய்து, ஒரு நோயாளியின் இதயத்தின் மேல் வைத்தார்கள். 2025 ஜனவரியில் எஷன்ஹாகனின் பழைய கூட்டாளி ஸிம்மர்மனின் ஜெர்மானியக் குழு ஒரு செய்தி வெளியிட்டது. குரங்குகளில் சோதித்த பிறகு, மாற்று இதயத்துக்காகக் காத்திருந்த ஒரு பெண்மணியின் இதயத்தின் மேல், வார்த்தெடுத்த தசைத் துண்டுகளைத் தைத்துவைத்தார்கள். மூன்று மாதம் கழித்து அவருக்கு மாற்று இதயம் கிடைத்தது. எடுத்துப் போட்ட பழைய இதயத்தை ஆராய்ந்தபோது, தைத்த தசை உயிரோடு இருந்தது. அதற்குள் இரத்தக் குழாய்கள் ஓடியிருந்தன. உடம்பு அதை அந்நியம் என்று தள்ளிவிடாமலிருக்க மருந்து கொடுக்க வேண்டியிருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

மூன்று மாதம்! காரெலின் முப்பத்துநான்கு வருஷத்தின் முன்னால் இது எம்மாத்திரம்? ஆனால் அந்த முப்பத்துநான்கு வருஷத்தில் ஒரு மனிதருடைய இதயத்துக்கும் ஒரு துளி உதவி கிடைக்கவில்லை. இந்த மூன்று மாதத்தை மற்றவர்கள் செய்து பார்க்கலாம், சரி பார்க்கலாம், தவறு இருந்தால் திருத்தலாம். இதயம் சாகாமல் இருக்க வேண்டும் என்று என் நண்பர் கேட்கவில்லை. ஆறினால் போதும் என்றுதான் கேட்டார். அந்தக் கேள்விக்கு முதல் முறையாக ஒரு விடை கண்ணுக்குத் தென்படுகிறது. கைக்கு எட்ட இன்னும் நாளாகும்.

அதுவரை பத்திரிகைகளில் இதயத்தைப் பற்றி அற்புதச் செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கும். படித்துச் சந்தோஷப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டில் நோயாளி இருந்து, அந்தச் செய்தியை நம்பிப் பணத்தையோ நாட்களையோ செலவிடப் போகிறீர்கள் என்றால், உங்கள் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இதை வேறு யாராவது செய்து பார்த்தார்களா?” காரெலிடம் அந்தக் கேள்வியைத் துணிந்து கேட்க உலகத்துக்கு ஐம்பது வருஷம் ஆயிற்று. நமக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.